காருக்கு முன்னாடி கட்டுன எலுமிச்சம்பழம்

ஏனுங்க அம்மிணி, அந்தப் பையை இப்பிடிக் குடுங்க, நான் மடியில வெச்சுக்கறன். கைக்கொழந்தையை வெச்சுக்கிட்டு நிக்கறீங்க, ஒருத்தனாச்சும் எந்திரிச்சு எடம் குடுக்கறானா பாருங்க. அல்லாரும் போனைக் குனிஞ்சு பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறானுக. வாங்க, இப்பிடி என்ற பக்கத்துல உக்காருங்க. நான் சன்னலோரமா ஒதுங்கிக்கறன்.

பொம்பளப்புள்ளைங்களா? அம்மாடி, எத்தனை அழகா இருக்குது! கன்னத்தைப் பாருங்க, புசுபுசுன்னு. பொட்டு வெச்சிருக்கீங்க, அதுதாஞ் சரி. இன்னுங் கொஞ்சம் பெருசா வெச்சிருக்கலாமுங்க. ஊருல எல்லாரு கண்ணும் ஒரே மாதிரி இருக்காதல்ல. என்ற கண்ணு அப்பிடியில்லீங்க. நான் மனசுல பட்டதை வாய் நெறையச் சொல்லிருவன். சொல்லாம உள்ளுக்குள்ளயே வெச்சுக்கிட்டுப் புழுங்கறாங்க பாருங்க, அவங்க கண்ணுதான் படும்.

நான் எங்க போறனா? என்ற பையன் படிக்கற காலேஜுக்குத்தானுங்க. மௌலீஸ்வரன்னு பேரு, மௌலி மௌலின்னு கூப்புடுவோம். மொத வருசம் இஞ்சினியரிங்கு. அங்க ஆஸ்டல் வார்டனைப் பாத்துப் பேசோணும். இன்னைக்கு அமாவாசை, நல்ல நாளு, கையோட பேசி முடிச்சுரலாமுன்னு கெளம்பிட்டன். ஊட்டுல யாருக்கும் தெரியாது. அங்காளம்மன் கோயிலுக்குப் போயிட்டு வர்றன்னு வெடியாலயே சொல்லிட்டு வந்தன். பொய்யில்லீங்க, கோயிலுக்கும் போயி வெளக்குப் போட்டுட்டுத்தான் இந்தப் பஸ்ஸை ஏறுனன்.

நீங்க கேக்கறது சரிதான். ஊட்டுல இருந்தே போயிட்டு வர்ற தூரந்தான். ஆஸ்டல் தேவையே இல்ல. ஆனா ஊட்டுல இருக்க முடியுலீங்க. அவனால இல்ல, என்னால.

என்னன்னு கேளுங்க. எங்கூட்டுக்காரருக்கு ஒரு தம்பி. ஒரே காம்பவுண்டு, ரெண்டு ஊடு, ஒரே கேட்டு. தம்பி சம்சாரம் கோகிலவாணி. அவளுக்கும் ஒரு பையன், தர்னேசுன்னு. என்ற பையனும் அவனும் ஒரே வயசு, ஒரே பள்ளிக்கூடம், இப்ப ஒரே காலேஜு, ஒரே கிளாசு. மார்க்கு எடுத்தது என்ற பையன். நல்லா கேட்டுக்கோங்க, மார்க்கு எடுத்தது என்ற பையன். காரு வந்தது அவனுக்கு.

ஆவணியில வந்துதுங்க அந்தக் காரு. சேப்புக் காரு. காலேஜுப் பையனுக்கு எதுக்குங்க காரு? பஸ்ஸு போகுது, காலேஜு பஸ்ஸே போகுது. மொத வருசத்துல காலை வெக்கறப்பவே காரு குடுத்தா அந்தப் பையன் எங்கீங்க உருப்படறது? நான் அவன் நல்லதுக்குத்தான் சொல்றன். எனக்கு என்ன வந்துது? எனக்குப் பொறாமையெல்லாம் கெடையாது. வவுறுதான் எரியுது.

அன்னைக்கு நடந்ததைச் சொல்றன், நீங்களே நாயத்தைச் சொல்லுங்க. காரு வாசல்ல வந்து நிக்குது. ஒரம்பரை, சொந்தக்காரங்க எல்லாம் வந்திருக்குது. மூத்த மருமவ நான் இருக்கறன், பட்டுச்சீலை கட்டி, ஆலாத்தித் தட்டைக் கரைச்சு எடுத்துக்கிட்டு வந்து நிக்கறன். அவ என்ன பண்ணுனா தெரியுங்களா? அவ அண்ணன் பொண்டாட்டியைக் கூப்புட்டு, “நீங்க சுத்துங்க அண்ணி”ங்கறா. என்ற கையில தட்டு இருக்குது, பாத்துக்கிட்டே சொல்றா. “அக்கா, நீங்க சும்மா நில்லுங்க, உங்களுக்கு முழங்காலு வலிக்குமல்ல”ங்கறா. முழங்காலு வலிச்சா ஆலாத்தி சுத்த முடியாதுங்களா? கையிலதான சுத்தறது?

நான் தட்டைக் கொண்டுபோயி முருங்கை மரத்தடியில ஊத்திட்டு வந்து ஓரமா நின்னுக்கிட்டன். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வெச்சாங்க. தர்னேசு ஏறி உக்காந்தான். பழத்தை நசுக்கிட்டு முன்னால எடுக்கோணும், அவ்வளவுதான். நான் வாயை வெச்சுக்கிட்டு இருக்காம, “பாத்து சாமி, தொட்டியில கொண்டுபோயி இடிச்சுறாத”ன்னன். நல்லதுக்குச் சொன்னனுங்க. ஒரு பெரியம்மா சொல்ல மாட்டாளா? அவன் எடுத்தான் பாருங்க, காரு ஒரு குதி குதிச்சுது, நேராப் போயி மாட்டுத் தண்ணித் தொட்டியில டம்முன்னு நின்னுது. முன்னாடி வெளக்கு ஒண்ணு செதறிப் போச்சு.

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பாத்தாங்க அம்மிணி. காரைப் பாக்குல, தொட்டியைப் பாக்குல, ஓட்டுன பையனைப் பாக்குல. என்னைப் பாத்தாங்க.

அது போவட்டும். வெளக்கை மாத்திக் கொண்டாந்து நிறுத்துன மக்கா நாளு வெடிஞ்சதும் பாக்கறன், காருக்கு முன்னாடி ஒரு எலுமிச்சம்பழம் தொங்குது. பழத்துக்கு மேல பச்சமொளகா கோத்து, அடியில ஒரு கரித்துண்டு வெச்சு, கருப்புக் கவுத்துல நல்லா இறுக்கிக் கட்டி. யாரு கண்ணுக்குப் பயந்துக்கிட்டுக் கட்டுனா? அந்தக் காம்பவுண்டுல இருக்கறது அவங்க மூணு பேரு, நாங்க மூணு பேரு. எங்கூட்டுக்காரரு எதையும் நிமுந்து பாக்க மாட்டாரு, பாவம். என்ற பையன் சின்னப் பையன். அப்ப மீதி யாரு? என்ற மூஞ்சிக்கு நேராவே தொங்கவுட்ட மாதிரி அல்ல ஆச்சு?

அன்னையில இருந்து அவகூடப் பேச்சு வார்த்தை இல்லீங்க. முருங்கைக்காயி குடுத்து உட்டா, மாட்டுக்குப் போட்டன். நோம்பிக்குப் பலகாரம் குடுத்து உட்டா, அப்பிடியே திருப்பிக் குடுத்து உட்டன். சும்மா இல்ல, அமாவாசைக்கு அமாவாசை அந்தப் பழத்தைப் புதுசா மாத்தறாளுங்க! காஞ்சு போனா உட்டுட்டுப் போவோம்னு இல்ல. நான் இன்னும் உசுரோடதான இருக்கறன், அதனால மறக்காம மாத்தறா.

அப்பவே பையனைக் கூப்புட்டுச் சொல்லிட்டன். “மௌலி, நீ அந்தக் காருல காலு வெச்சியின்னா நான் உனக்கு அம்மா இல்ல”ன்னன். “சும்மா இரும்மா”ன்னான். கையைப் புடிச்சு என்ற தலையில வெச்சு, சத்தியம் பண்ணுன்னன். அப்பறம் பண்ணுனானுங்க. நான் பெத்த புள்ளையல்ல.

அந்தத் தர்னேசுப் பையன் கெட்டவன் இல்லீங்க. “பெரீம்மா, மௌலியும் என்கூடவே வரட்டும்”னு வந்து கேட்டான். எங்களுக்கு எதுக்கு சாமி பிச்சைன்னு சொல்லி அனுப்பிட்டன். அப்பிடி இவனைக் கூட்டிக்கிட்டுப் போனா ஊருக்குள்ள என்ன பேசுவாங்க? சித்தப்பன் காருல ஓசியில போறான்னு பேசுவாங்க. பொழுதுக்கும் அந்தப் பேச்சைக் கேட்டுக்கிட்டு இருக்கறதா?

காலையில என்ற பொழப்பைப் பாருங்க. என்ற பையன் பையைத் தோள்ல மாட்டிக்கிட்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்து போவான். அவன் தெரு முக்கு திரும்புனதும் இங்க தர்னேசு அந்தக் காரைக் கெளப்புவான். நான் சமையக்கட்டுச் சன்னல்ல நின்னு தோசை ஊத்திக்கிட்டு இருப்பன். அந்தச் சத்தம் கேட்டாப் போதும், கரண்டி அப்பிடியே நின்னுரும். நத்தையாட்ட கேட்டைத் தாண்டுவான். தாண்டுனதும் ரெண்டு தரம் ஹாரன் அடிப்பானுங்க. தெருவுல ஒரு ஆளு இருக்காது, ஒரு ஆடு இருக்காது. எதுக்கு அடிக்கறான்? பெரியம்மா காதுல உழுகட்டும்னு அடிக்கறான். அவங்கம்மா சொல்லிக் குடுத்திருப்பா. எத்தனை தோசை கருகிப் போச்சுன்னு எங்கூட்டுக்காரரைக் கேளுங்க. அவரு கருகுன பக்கத்தை மடிச்சு வெச்சுக்கிட்டுத் தின்னுருவாரு.

அவருகிட்டக் கேக்காமயா இருந்தன்? நம்ம பையனுக்கும் ஒண்ணு வாங்குங்கன்னு மல்லுக்கட்டுனன். “பஸ்ஸுதான் போகுதல்ல சாந்தா”ங்கறாரு. ஆமா, பஸ்ஸுதான் போகுது. பஸ்ஸுக்குள்ள என்ற பையன் நசுங்கிக்கிட்டுப் போறது அவருக்கு எங்க தெரியும்?

ஆனா என்ற பையனைச் சொல்லோணுமுங்க. ஒரு நாளு மூஞ்சி சுண்டுனது கெடையாது. சிரிச்சுக்கிட்டே போவான், சிரிச்சுக்கிட்டே வருவான். இந்தக் கூட்டத்துல நின்னுக்கிட்டுப் போயிட்டு வர்றவன் சட்டை எப்பிடி இருக்கோணும்? கசங்கி, வேர்த்து, நாறிக் கெடக்கோணும். இவன் சட்டை நான் தேச்சுக் குடுத்த மடிப்போட அப்பிடியே வருமுங்க. அத்தனை சூதானமா நிக்கறான். ஐப்பசி மழை கொட்டுச்சே, ஊரே நனைஞ்சுது, இவன் தலை மசுரு நனையாம ஊட்டுக்குள்ள வர்றான். எப்பிடிறான்னா, “ஒதுங்கி ஒதுங்கி வந்தம்மா”ங்கறான். கஷ்டத்துல வளர்ற புள்ளைக்கு எல்லாம் தானா வந்துருதுங்க.

லைசென்சும் எடுத்துட்டான். பதினெட்டு முடிஞ்சதும் மொத வேலையா எடுத்தான். காரே இல்ல, உனக்கு எதுக்குடா கண்ணு லைசென்சுன்னு கேட்டன். “எப்பவாச்சும் ஆகும்மா, இருக்கட்டும்”னான். நான் கொல்லைக்குப் போயி அழுதுட்டு வந்தன். புள்ளை ஆசையை உள்ளுக்குள்ளயே வெச்சுக்கிட்டுத் தவிக்குது, வெளிய சொல்ல மாட்டேங்குதேன்னு எனக்குத் தாங்குல.

அன்னைக்கு முடிவு பண்ணுனதுதான் இந்த ஆஸ்டலு. அந்தக் காரு போற தெருவுல என்ற பையன் நடந்து போறதை இன்னும் மூணு வருசம் பாக்க என்னால ஆகாது. ஆஸ்டல்ல இருந்தா காரு இருக்கறவனும் ஒண்ணு, இல்லாதவனும் ஒண்ணு. எல்லாரும் நடந்துதான் கிளாசுக்குப் போவோணும். அவன் இல்லாம ஊடு வெறிச்சுன்னு கெடக்கும், எனக்குத் தெரியும். ராத்திரி சோத்தை யாருக்குப் போடறது? இவருக்குப் போட்டா என்ன போட்டன்னே தெரியாமத் தின்னுட்டு எந்திரிப்பாரு. இருக்கட்டும். புள்ளை இல்லாட்டியும் பரவால்ல, அந்த ஹாரன் சத்தத்துக்கு அவன் தலை குனிஞ்சு நடக்கக் கூடாது.

அவன்கிட்டச் சொன்னதுக்குக் குதிச்சான் பாருங்க. வேண்டவே வேண்டாம், எனக்கு இப்ப இருக்கறதே சௌகரியம், ஆஸ்டலுக்குப் போகச் சொன்னா காலேஜையே உட்டுருவன்னான். “உன்னை உட்டுட்டு நான் எப்பிடிம்மா இருப்பன்”னான். பெத்த வவுறு குளுந்து போச்சுங்க. இந்தக் காலத்துல எந்தப் பையன் இப்பிடிச் சொல்றான்? கோகிலா பையன் சொல்லுவானா? காரு வாங்கிக் குடுத்தாளே, அவன் சொல்லுவானா? எனக்கு அந்த ஒண்ணு போதும். ஆனா புள்ளை பாசத்துல சொல்லுதுன்னு நாமளும் அப்பிடியே உட்டுற முடியுங்களா? வார்டன்கிட்டப் பேசி எடம் புடிச்சுட்டா அப்பறம் வந்துதான ஆகோணும்.

ஏன் பஸ்ஸு நின்னுருச்சு? ரயில்வே கேட்டுங்களா. சரி, இன்னும் சித்த நேரம் ஆகும். இஞ்சினை அமத்திட்டான் பாருங்க. கொழந்தை நல்லாத் தூங்குது. அட, என்ன நெறம், அப்பிடியே பன்னீர்ப்பூவாட்ட.

அம்மிணி, அம்மிணி. இங்க பாருங்க. சன்னலுக்குக் கீழ பாருங்க. வரிசையில நிக்காம பக்கத்துல வந்து நொழைக்கறான் பாருங்க ஒருத்தன், சேப்புக் காரு. அதுதான்! அந்தக் காருதான்! நம்பரு எனக்கு மனப்பாடமுங்க. எப்பவோ கெளம்பியிருக்கோணும், பேக்கரியில நின்னு டீயும் பன்னும் தின்னுட்டு ஆடி அசைஞ்சு வர்றான் தொரை. முன்னாடி பாருங்க, தொங்குதா? நான் சொன்னன்ல? பாத்தீங்கல்ல? பொய் சொல்லுவனா நான்?

இதோ இந்தப் பக்கம் உக்காந்திருக்கான் பாருங்க, கண்ணாடியை எறக்கி உட்டுக்கிட்டு, அவன்தான் தர்னேசு. இருங்க. இந்தப் பக்கம் இவன் உக்காந்திருந்தா ஓட்டறது யாரு? டிரைவரும் போட்டுட்டாளா? அது வேறயா?

அக்கட்டால, டிரைவர் பக்கத்துக் கதவு தெறக்குது. எறங்கறான். ஊதாச் சட்டை.

ஊதாச் சட்டை நான் தேச்சதுங்க. நேத்துப் பொழுதோட நான் தேச்சு, ஆணியில மாட்டி வெச்சது.

கொஞ்சம் இருங்க, நான் குனிஞ்சுக்கறன். உங்க பையை இப்பிடி வெச்சுக்கறன், மறைவா. கேட்டோரமா எலுமிச்சம்பழம் கோத்து விக்கறாளே ஒரு பொம்பள, அவகிட்டத்தான் போறான். வாங்கறான். பொறுக்கிப் பொறுக்கி வாங்கறான் பாருங்க, நல்ல பழமா. வர்றான். காருக்கு முன்னாடி குத்தவெச்சு உக்காந்து பழசை அவுக்கறான். அம்மிணி, சத்தம் போடாதீங்க. அவன் ஏதோ சொல்றான், இவன் ஏதோ சொல்றான்.

கேட்டுதுங்களா உங்களுக்கு?

கேட்டிருக்கும். எனக்கே கேட்டுதே. “போதும் வாடா, கேட்டைத் தெறக்கப் போறான், எங்கம்மாவே இதெல்லாம் வேண்டாம்னு சொல்லிருச்சு”ன்னு தர்னேசு சொல்றான். “சித்திக்கு என்னடா தெரியும்”னு இவன் சொல்றான். “எங்கம்மா நேத்துக்கூட சமையக்கட்டுச் சன்னல்ல நின்னு பாத்துச்சு. நல்லா இறுக்கிக் கட்டோணும்”கறான். சிரிச்சுக்கிட்டே சொல்றானுங்க. கோவமா சொல்லியிருந்தாக்கூட ஒண்ணுமில்ல. மழை வரும், கொடை எடுத்துக்கோன்னு சொல்ற மாதிரி சாதாரணமாச் சொல்றான்.

அவ கட்டுல. கோகிலா கட்டவே இல்ல. மாசாமாசம் இவன்தான் கட்டியிருக்கான்.

முருங்கைக்காயை மாட்டுக்குப் போட்டனே நான்.

சட்டை ஏன் கசங்கலன்னு இப்பத் தெரியுது. மழையில ஏன் நனையலன்னு தெரியுது. அந்த ஹாரன், ரெண்டு தரம் அடிச்சது எனக்கில்ல, தெரு முக்குல நிக்கறவனுக்கு. ஆஸ்டலு வேண்டாம்னு குதிச்சது என்னை உட்டுட்டு இருக்க முடியாதுன்னு இல்ல, இதை உட்டுட்டு இருக்க முடியாதுன்னு. சத்தியம் பண்ணுனானே, என்ற தலையில கை வெச்சுப் பண்ணுனான். இந்தத் தலைக்கு ஒண்ணும் ஆகுல பாருங்க, கல்லாட்ட இருக்குது.

சத்தியத்தை மீறுனதுகூடப் போவட்டும். சின்னப்புள்ளை, ஆசை. ஆனா யாருகிட்ட இருந்து காப்பாத்தறதுக்கு அந்தப் பழம்? பத்து மாசம் சொமந்தவ கண்ணுல இருந்தா? அவனுக்குக் காய்ச்சல் வந்தா இந்தக் கண்ணு ராத்திரியெல்லாம் மூடாதுங்க. அவனுக்குச் சோறு போடறப்ப அவன் எத்தனை தின்னான்னு இந்தக் கண்ணுதான் பாத்துக்கிட்டே இருக்கும். இந்தக் கண்ணா?

அம்மிணி, நீங்க என்னைப் பாத்துச் சொல்லுங்க. நேராப் பாருங்க. அப்பிடியா இருக்குது என்ற கண்ணு?

கொழந்தை மூஞ்சியை எதுக்குங்க முந்தானையில மூடறீங்க? வெயிலுங்களா? இந்தப் பக்கம் வெயிலே இல்லீங்களே.

சரிங்க, மூடிக்கோங்க. நல்லதுதான்.

ரயிலு போயிருச்சு. கேட்டைத் தூக்கறான். காருல ஏறிட்டான் பாருங்க. எதுத்தாப்புல லாரி வருது, இந்தப் பக்கம் நம்ம பஸ்ஸு, நடுவுல சந்து இத்தனைதான் இருக்குது. இதுல எங்கீங்க போவான்? அட, போறானுங்க! கையை எத்தனை லேசாத் திருப்பறான் பாருங்க. ஒரு ஒரசல் இல்ல, ஒரு பதட்டமில்ல. எந்த ஊருல எவன் இப்பிடி ஓட்டறான், மொத வருசம் படிக்கற பையன், ராசாவாட்ட உக்காந்துக்கிட்டு...

அய்யோ. நான் எதுக்கு வாயைத் தெறந்தன்? தூ, தூ. தொட்டிக்கு முன்னாடியும் இப்பிடித்தான் வாயைத் தெறந்தன்.

வார்டனுங்களா? இல்லீங்க, நான் காலேஜுல எறங்குல. பஸ்ஸு எது வரைக்கும் போகுதோ அது வரைக்கும் போயிட்டு, அப்பிடியே திரும்பி ஊட்டுக்குப் போயிக்கறன். இருக்கட்டும், ஊட்டுல இருந்தே போயிட்டு வரட்டும்.

அம்மிணி, ஒரு உதவி பண்ணுங்க. நான் அக்கட்ட திரும்பிக்கறன். நான் பாக்குல. நீங்க பாத்துச் சொல்லுங்க, அந்த லாரியைத் தாண்டிட்டானுங்களா?